நிறுத்தி வைத்த விமானத்தில் எண்ணெய் குறைவது ஏன்?



பெட்டாலிங் ஜெயாவில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போனவர்கள் தலைக்கு மேலே சிறு விமானங்கள் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே சுபாங் விமான நிலையம் இருக்கிறது. அது 1965-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1998-இல் சிப்பாங்கில் புதிய நிலையம் வந்தபோது வெளிநாட்டுப் பெரிய விமானங்கள் அங்கே மாறிப்போயின. சிறு விமானங்களோ சுபாங்கை விட்டுவிடவில்லை.

அப்படிப்பட்ட ஒரு சிறு விமானத்துக்குக் காலையில் தொட்டி நிறைய எண்ணெய் ஊற்றி நிறுத்தி வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் வந்து பார்த்தால் சில லிட்டர் குறைகிறது. விமானமோ இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. உடனே நம் வாயில் வரும் சொல் என்ன? "யாரோ திருடிவிட்டார்கள்!" இரவில் ஜாகா பார்த்தவர்மீதுதான் எல்லார் கண்ணும் போகும். அது சரிதானா? முறையாக ஆராய்ந்து பார்ப்போம்.

முதல் கேள்வி: எண்ணெய் உண்மையிலேயே குறைந்ததா? சிறு விமானத்தில் முள் காட்டும் அளவை முழுவதும் நம்பக் கூடாது. விமானிகள் தொட்டியின் மூடியைத் திறந்து, கோடு போட்ட குச்சியை விட்டு அளந்து பார்ப்பார்கள். அப்போதும் விமானம் சமதரையில் நிற்க வேண்டும். சாய்ந்த பாத்திரத்தில் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் ஆழம் குறைவாகவும் இருக்கும் அல்லவா? நேற்று சமதரையில் அளந்ததையும் இன்று சாய்வில் அளந்ததையும் ஒப்பிட்டால் கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

இரண்டாவது, வெயில். பெட்ரோல் சூடேறினால் விரியும். 100 லிட்டர் பெட்ரோலின் சூடு 10 பாகை ஏறினால் அது ஏறக்குறைய 1 லிட்டர் பெருகும். 200 லிட்டர் பிடிக்கும் தொட்டியை விளிம்புவரை நிரப்பி வெயிலில் விட்டு, சூடு 15 பாகை ஏறினால், ஏறக்குறைய 3 லிட்டருக்கு உள்ளே இடம் இராது. அது எங்கே போகும்? காற்றுக்குழாய் வழியாக வெளியே சொட்டிவிடும். கட்டிப்பால் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் பால் சரியாக வராது. காற்று போக இன்னொரு ஓட்டை வேண்டும். அதுபோலவே எண்ணெய்த் தொட்டிக்கும் காற்று வழி வைத்திருக்கிறார்கள். இரவில் குளிர்ந்ததும் மிச்ச எண்ணெய் சுருங்கும். காலையில் பார்த்தால் தொட்டி குறைந்து நிற்கும்.

மூன்றாவது, சாய்வு. செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் இரண்டு இறக்கைகளிலும் தொட்டி உண்டு. மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் எண்ணெய் வழியை மாற்றும் திருகு ஒன்றும் உண்டு. அதை இடது, வலது, இரண்டும் என மூன்று விதமாக வைக்கலாம். 'இரண்டும்' என்ற நிலையில் விட்டுவிட்டுச் சாய்வான இடத்தில் நிறுத்தினால், உயர்ந்த பக்கத்து எண்ணெய் தாழ்ந்த பக்கத்துக்கு இறங்கும். அந்தத் தொட்டி நிரம்பி வழிந்தால் காற்றுக்குழாய் வழியாக வெளியேறும். ஆகவே சாய்வில் நிறுத்தும்போது திருகை ஒரு பக்கமாக வைத்துவிடுவது நல்லது.

நான்காவது, கசிவு. தொட்டியின் அடியில், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, சிறிதளவு எண்ணெயை வடித்தெடுக்கும் அடைப்பான் ஒன்று இருக்கும். அதில் ஒரு மணல் துகள் மாட்டினாலும் சரியாக மூடாமல் சொட்டுச் சொட்டாக ஒழுகும். பெட்ரோல் காற்றில் ஆவியாகிவிடுமே, எப்படிக் கண்டுபிடிப்பது? இவ்வகை விமானங்களுக்கு ஊற்றும் எண்ணெயில் பெரும்பாலும் நீலச் சாயம் கலந்திருக்கும். எண்ணெய் பறந்துபோனாலும் சாயம் கறையாக நிற்கும். இறக்கையின் அடியில் நீலக்கறை தெரிந்தால் அதுவே சாட்சி. தேடும்போது பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ இருக்கவே கூடாது.

இவ்வளவையும் பார்த்து, கறையும் இல்லை, சாய்வும் இல்லை, அளவும் சரி என்றால் மட்டுமே திருட்டைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்றும் உண்டு. தொலைந்ததாக நினைக்கும் எண்ணெய் தொடக்கத்திலேயே இல்லாமலும் இருக்கலாம். 1983-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று நடுவானில் எண்ணெய் தீர்ந்து நின்றது. அதற்கு வேண்டியது 22,300 கிலோ. அளவு காட்டும் கருவி பழுதானதால் தொட்டியைக் குச்சியால் அளந்தார்கள். லிட்டரைக் கிலோவாக மாற்ற 0.8 ஆல் பெருக்குவதற்குப் பதிலாக, பவுண்டுக்குரிய 1.77 ஆல் பெருக்கிவிட்டார்கள். அதனால் தேவையில் பாதிகூட ஏறவில்லை. விமானி அதை இயந்திரம் இல்லாமலே மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுபாதையில் இறக்கினார். 69 பேரும் உயிர் தப்பினர். பால் நிறுவையில் எடை மட்டும் போதாது, மெட்ரோலக்கும் பார்க்க வேண்டும் என்பது நம் தோட்டத்து மக்களுக்குத் தெரிந்த பாடம்தானே!

இளம் ஆசிரியனாக நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், ஸ்டோரிலிருந்த பெட்ரோல் பீப்பாயில் அளவு குறைந்தது. ஜாகா பார்த்த பெரியவர்மேல் பழி விழுந்தது. லயத்தில் அவர் பிள்ளைகளைக்கூட மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். மூன்று நாள் கழித்துக் கிராணியார் பீப்பாயைச் சமமாக நிறுத்தி மறுபடி அளந்தார். கணக்குச் சரியாக இருந்தது. சாய்ந்த தரையில் ஆழம் குறைந்த பக்கமாகக் குச்சியை விட்டதுதான் பிழை! பெரியவர் மறுபடி வேலைக்கு வந்தார். ஆனால் அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அன்பார்ந்த நேயர்களே, பொருள் குறைந்தால் முதலில் அளவைப் பாருங்கள். பிறகு வெயில், சாய்வு, கசிவு ஆகியவற்றைப் பாருங்கள். நாளையும் நேரத்தையும் அளவையும் ஒரு புத்தகத்தில் எழுதி வையுங்கள். மனிதனைச் சந்தேகிப்பது கடைசியாக இருக்கட்டும். போன எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். போன நல்ல பெயரை எந்தக் கடையில் வாங்குவது?