சோடாப் போத்தலில் கடல்நீர் கொண்டுபோகாதீர்கள்

கடலேரியில் மீன் செத்து மிதந்தால் கொடிகாமம், கச்சாய்ப் பக்கத்தில் முதலில் தேடுவது பழைய சோடாப் போத்தலைத்தான். வள்ளத்து இயந்திரத்தைப் பிடித்த கையாலேயே தகர வாளியில் அள்ளி ஊற்றி, இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டு ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அதில் தெரியும் நாகம் கடலுடையதா வாளியுடையதா என்று எவராலும் சொல்ல முடியாது.

"செம்பு இவ்வளவு" என்ற ஒற்றை எண்ணும் போதாது. கண்டல் இலையும் பாசியும் அழுகிக் கரையும் சேதனப் பொருட்கள் உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடல்நீரில் கரைந்துள்ள செம்பில் பெரும்பாலும் 99 வீதத்துக்கு மேல் இப்படிக் கட்டுண்டு கிடக்கிறது. நுண்பாசிக்கும் குடம்பிக்கும் நஞ்சாவது முக்கியமாகக் கட்டுப்படாத மிச்சம்தான். அதை அறிய மின்வேதியியல் முறை இருக்கிறது. இரசத் துளியே மின்வாய். மாதிரியில் சிறிது சிறிதாகச் செம்பு சேர்ப்பார்கள். பிடித்துவைக்கும் பொருள் மீதமிருக்கும்வரை மின்னோட்டம் மெல்லத்தான் ஏறும். அது தீர்ந்ததும் விறுவிறுவென ஏறும். அந்தத் திருப்பத்தை வைத்துத்தான் தண்ணீரின் தாங்குதிறனைக் கணக்கிடுகிறார்கள்.

ஆகவே போத்தலை ஆய்வுகூடத்திடமே கேட்டு வாங்குங்கள். அமிலத்தில் கழுவித் தருவார்கள். இரண்டு வேண்டும். மொத்த உலோகத்துக்கான போத்தலில் அமிலம் விடுவார்கள். மற்றதில் ஒரு சொட்டும் விடக்கூடாது; விட்டால் கட்டு அவிழ்ந்து அளவீடே பாழாகும். கையுறை போட்டு, இயந்திரத்தை நிறுத்தி, நீரோட்டம் வரும் பக்கம் நின்று, அதே நீரால் மூன்று முறை அலசி நிரப்புங்கள். திகதி, நேரம், இடம் எழுதி, இருட்டில் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே அனுப்புங்கள்.

பிறகு முறைப்பாடு. வாயால் சொன்னால், கரை எங்களுடையதல்ல, கடல் எங்களுடையதல்ல என்று அலைக்கழிப்பார்கள். சாவகச்சேரியிலுள்ள தென்மராட்சிப் பிரதேச செயலகத்திலும், 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபையிலும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பரிசோதனை முடிவைத் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழிலேயே விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு.

சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது ஓர் அறிக்கை உண்டென்றது, இன்னொன்று இல்லையென்றது. 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே 2 கோடி ரூபாய் இழப்பீட்டுக்கு வழி பிறந்தது. கச்சாய்க்கும் அப்படி ஒரு நாள் வந்தால் உங்கள் கையில் சுத்தமான மாதிரி இருக்க வேண்டும். அமிலம் விடாத அந்த இரண்டாவது போத்தலைக் கேட்க மறக்காதீர்கள்.