இனிஷியலுக்குள் ஒரு தகப்பனார்

பெங்களூரு மேக்ரி சர்க்கிள் அருகே இருக்கும் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தை 1948இல் தொடங்கியவர் சர் சி. வி. ராமன். 1972 முதல் 1994 வரை அதன் இயக்குநராக இருந்த வானியலாளர் வி. ராதாகிருஷ்ணன் அவருடைய மகன். வெளிநாட்டுக்காரர் யாரும் இந்த இரண்டு பெயர்களை வைத்து உறவைக் கண்டுபிடிக்க முடியாது. நமக்கு அந்த 'வி' போதும். ராமனின் பெயர் வெங்கடராமன். ராமனுக்கு முன்னால் நிற்கும் 'சி', அவருடைய தகப்பனார் சந்திரசேகர ஐயர்.

அந்த ஐயரின் மூத்த மகன் சுப்பிரமணியன். அவருக்குப் பிறந்த பையனுக்கு வழக்கப்படி தாத்தா பெயரையே வைத்தார்கள். அவர்தான் 1983இல் நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகர். 1999இல் நாசா விண்ணில் ஏவிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு அவர் நினைவாக 'சந்திரா' என்று பெயரிட்டார்கள். விசாகப்பட்டினம் கல்லூரியில் பாடம் நடத்திய ஒரு வாத்தியாரின் பெயர், பேரன் வழியாக பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது!

குரோஷியாவிலும் ஒரு காலத்தில் அப்பா பெயர்தான் அடையாளம். மார்க்கோவின் பிள்ளை மார்க்கோவிச், இவானின் பிள்ளை இவானோவிச். 1563இல் முடிந்த டிரெண்ட் திருச்சபைச் சங்கம் பதிவேடுகளை வலியுறுத்தியது. அதன்பின் பாதிரியார் ஏட்டில் எழுதிய பெயர் மெல்ல மெல்லப் பரம்பரைப் பெயராக இறுகிவிட்டது. இன்றைய மார்க்கோவிச்சின் அப்பா பெயர் மார்க்கோவாக இருக்கவேண்டியதில்லை. எப்போதோ வாழ்ந்த ஒரு மார்க்கோவை அந்தக் குடும்பம் இன்னும் சுமக்கிறது. நம் இனிஷியலோ தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதனாலேயே அது உயிரோடு இருக்கிறது என்பேன்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில்தான் சிக்கல். குடும்பப் பெயருக்கென்று இருக்கும் கட்டத்தில் அப்பா பெயரை நிரப்பிவிட்டு பெங்களூரு ஐடி கம்பெனியில் சேருகிற தமிழ்ப் பிள்ளைகளை, கடல் கடந்த மேலாளர்கள் அப்பா பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். சதுரங்க வீரர் ஆனந்தை உலகம் 'விஷி' என்று அழைப்பதும் அவர் தகப்பனார் விஸ்வநாதனின் பெயரால்தான். இது கூடப் பரவாயில்லை. அதே கட்டத்தை நிரப்ப, தாத்தா பெயரைப் பேரப்பிள்ளைக்கும் நிரந்தரமாக ஒட்டிவிடும் வீடுகள் பெருகுகின்றன. நாமும் மார்க்கோவிச் ஆகிக்கொண்டிருக்கிறோம்.

இனிஷியலுக்கு ஒரு குறையும் உண்டு. அதன் ஞாபகம் ஒரு தலைமுறைதான். உங்கள் தாத்தாவின் இனிஷியல் எந்தப் பெயருக்கு உரியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு, முழுப் பெயராக எழுதி வையுங்கள்.