விமானம் வீட்டின் மேல் விழுந்தால் யார் பொறுப்பு?

2018 ஜூன் 28. மும்பை ஜூஹு விமானத்தளத்திலிருந்து சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பிய கிங் ஏர் சி-90 சிறு விமானம், காட்கோபரில் கட்டுமானம் நடந்துகொண்டிருந்த இடத்தில் விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த இரண்டு விமானிகளும் இரண்டு பொறியாளர்களும் இறந்தார்கள். ஐந்தாவதாக இறந்தவருக்கும் அந்த விமானத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் தெருவில் போய்க்கொண்டிருந்த பாதசாரி.

2023 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் ரீவாவில், பனிமூட்டம் சூழ்ந்த இரவில், பயிற்சி விமானம் ஒன்று கோயில் கோபுரத்தில் மோதி விமானி உயிரிழந்தார். 2025 ஏப்ரலில் குஜராத்தின் அம்ரேலியில் இன்னொரு பயிற்சி விமானம் குடியிருப்புப் பகுதியிலேயே விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் புதுக்கோட்டை மாவட்டத்தில் தேசிய நெடுஞ்சாலையில் அவசரமாக இறங்கியது. அதில் உயிர்ச்சேதம் இல்லை என்பது பெரும் ஆறுதல்.

சிறு விமான விபத்துகளில் பெரும்பகுதி ஓடுதளத்தை ஒட்டியே நடப்பதற்குக் காரணம் உயரம்தான். செஸ்னா 172 போன்ற ஒற்றை இன்ஜின் விமானம், ஆயிரம் அடி உயரத்தில் இன்ஜின் நின்றாலும், ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் மிதந்து போய் இறங்க இடம் தேடலாம். கிளம்பிய கையோடு முந்நூறு அடியில் நின்றுவிட்டால் சில நூறு மீட்டர்தான் கிடைக்கும். அந்த நொடியில், பின்னால் விட்டுவந்த ஓடுதளத்துக்கே திரும்பிவிடலாம் என்று மனம் தவிக்கும். ஆனால் வேகம் குறைந்திருக்கும்போது சரித்துத் திருப்பினால் இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் கல்லாக விழும். அதனால்தான் நேராகவே போ, எதிரே தெரியும் வெட்டவெளியில் இறக்கு என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எதிரே வெட்டவெளியே இல்லாமல் மனை போட்டு விற்றிருந்தால் என்ன செய்வது? ஓடுதளத்தின் நேர்க்கோட்டில் மனை வாங்குமுன் இதையும் யோசியுங்கள்.

விமானியின் பொறுப்பு வானத்தில் தொடங்குவதில்லை. இறக்கைமேல் ஏறி, தொட்டியின் மூடியைத் திறந்து, அளவுக்குச்சியை விட்டு எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். முள்ளை மட்டும் நம்பக் கூடாது. தொட்டியின் அடியிலிருந்து சிறு குழலில் பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் காட்ட வேண்டும். விமானப் பெட்ரோல் இளநீலமாக இருக்கும். தண்ணீர் சேர்ந்திருந்தால் அடியில் நிறமில்லாமல் தனியாகத் தங்கிவிடும். சில நிமிட வேலைதான். அதைத் தள்ளிப்போடுகிறவர் பணயம் வைப்பது தன் உயிரை மட்டுமல்ல.

அமெரிக்காவின் மேரிலாந்தில் கெய்தர்ஸ்பர்க் என்ற ஊரில் 2014 டிசம்பர் 8 அன்று நடந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சிறு ஜெட் ஒன்று ஓடுதளத்தை நெருங்கிய நிலையில் வீடுகளின் மேல் விழுந்தது. விமானத்தில் மூவர், ஒரு வீட்டில் தாயும் இரண்டு சிறு குழந்தைகளும், ஆக ஆறு பேர் இறந்தார்கள். மேகத்துக்குள் வரும்போது பனிக்கட்டி படியும் சூழல் இருந்தது. ஆனால் இறக்கையில் படியும் பனியை நீக்கும் கருவியை விமானி இயக்கவில்லை. பனி படியாத இறக்கைக்குரிய வேகத்திலேயே இறங்கினார். இது அந்நாட்டு விசாரணை வாரியத்தின் முடிவு. கருவி விமானத்திலேயே இருந்தது. இதை விதியின் விளையாட்டு என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

நம் நாட்டு விதிகளும் தெளிவானவைதான். கிளம்புவதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் விமானி மது தொட்டிருக்கக் கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் தவிர, நெருக்கமான குடியிருப்புக்கு மேலே பறந்தால், சுற்றிலும் உள்ள மிக உயரமான கட்டடத்துக்கும் ஆயிரம் அடி மேலே இருக்க வேண்டும். மீறுபவரின் உரிமத்தை விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். உங்கள் ஊரில் யாராவது கூரையை உரசுவதுபோல் பறந்தால், தேதி, நேரம், 'விடி' என்று தொடங்கும் பதிவெண், கைபேசிக் காணொளி ஆகியவற்றோடு டிஜிசிஏவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்பதைப் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

விபத்தே நடந்துவிட்டால்? முதல் வேலை உயிரைக் காப்பது, தீயை அணைப்பது. அதற்காக அன்றி உடைந்த பாகங்களைத் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், நினைவுக்கென்று எடுத்துப் போகாதீர்கள். நாளை உங்களுக்கு நியாயம் வாங்கித் தரப்போகும் சாட்சியம் அதுதான்.

மக்கள் ஏமாறும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. விமான விபத்து விசாரணை அமைப்பான ஏஏஐபி வந்து விசாரிக்கும். அதன் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. குற்றவாளி யார் என்று தீர்மானிப்பதோ இழப்பீடு வாங்கித் தருவதோ அதன் வேலையல்ல. அறிக்கை வரட்டும் என்று கைகட்டி இருந்தால் காலம் ஓடிவிடும். அலட்சியத்தால் மரணம் நேர்ந்திருந்தால் பாரதிய நியாய சம்ஹிதா 106-வது பிரிவின்படி போலீசில் வழக்குப் பதியச் சொல்லுங்கள். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் விமானத்துக்குக் கிடையாது. இழப்பீட்டுக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். விமானி இறந்துவிட்டால் அவர்மேல் குற்ற வழக்கு நடத்த முடியாது, ஆனால் விமானத்தின் உரிமையாளரையும் பயிற்சிப் பள்ளியையும் கூண்டில் ஏற்றத் தடையில்லை. தயாராகாத மாணவரைத் தனியாகப் பறக்க அனுப்பியவர்களும், வானிலை கெட்டிருந்தும் ஓட்டச் சொன்னவர்களும் பதில் சொல்லியே ஆக வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்பீடு எவ்வளவு என்று முதல் நோட்டீசிலேயே கேளுங்கள்.

முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, இடிந்த வீட்டின் படங்கள், கிராம நிர்வாக அலுவலரும் வட்டாட்சியரும் பதிவு செய்த சேத விவரம் எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். அரசு அறிவிக்கும் நிவாரணத் தொகையை வாங்கிக்கொண்டதாலேயே வழக்குப் போடும் உரிமை போய்விடாது. இறந்தவரின் குடும்பத்தார் 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டப்படி வழக்குத் தொடர, இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் கெடு. வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஏழைகள் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது; அழைக்க வேண்டிய எண் 15100.