திரைக்குப் போகும் பாதை – 9: யாருடைய கேமரா முன்னால்?

பிளஸ் டூ முடிவுகள் வந்த மறுநாள் காலை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் அழைத்தார். இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படித்து வருகிறாராம்.

"சார், மக நடிப்புதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. நாலு காலேஜ் நோட்டீஸ் கையில இருக்கு. நாலுலயும் நடிப்பு சொல்லித் தர்றோம்னுதான் போட்டிருக்கு. எதுல சேக்கட்டும்?"

குரலில் கோபம் இல்லை. மகள் மேல் மதிப்பு இருந்தது, கட்டப் போகும் பணத்தை நினைத்த பயமும் இருந்தது. "அண்ணாச்சி, அந்த நாலு நோட்டீஸையும் ஒரு வாரத்துக்கு அலமாரியில வையுங்க" என்றேன். அந்த ஒரு வாரத்தில் அவரிடமும், பிறகு அந்தப் பெண்ணிடமும் துண்டு துண்டாகப் பேசியதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். இதே கேள்வியோடு எனக்கு வரும் கடிதங்கள் குறைவில்லை.

முதலில் ஒரு தகவல். பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை. நடிப்புப் பயிற்சி என்றதும் நாடு முழுக்கச் சொல்லப்படும் பெயர்கள் இரண்டு: புனே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம், டெல்லி தேசிய நாடகப் பள்ளி. இரண்டுமே பிளஸ் டூ முடித்த கையோடு வரும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதில்லை. பட்டம் வேண்டும். எந்தப் பாடமாக இருந்தாலும் சரி. வேதியியல் படித்தவரும் போகலாம், வணிகவியல் படித்தவரும் போகலாம். ஆக, பதினேழு வயதில் முடிவுசெய்ய வேண்டியது எந்த ஊரில், எந்தச் சூழலில் அடுத்த மூன்று ஆண்டுகளைக் கழிப்பது என்பதைத்தான். இதைச் சொன்னதும் கடைக்காரர் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

நம் ஊரில் இந்த இடத்தை நிரப்புவது விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல். நல்ல படிப்புதான். கேமராவைத் தொடலாம், எடிட்டிங் பழகலாம், குறும்படம் எடுக்கும் நண்பர்கள் கிடைப்பார்கள். ஆனால் அது நடிப்புக்கான படிப்பு அல்ல. குரலுக்கும் உடலுக்கும் தினசரிப் பயிற்சி அதில் இருக்கும் என்று நம்பிச் சேர்ந்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் தவிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தரமணி அரசு திரைப்படக் கல்லூரியின் கதை வேறு. 1945-இல் தொடங்கிய பழைய நிறுவனம் அது. நாசரும் ரகுவரனும் நடிப்புப் பயிற்சி பெற்ற இடம். இன்று எம்.ஜி.ஆர். பெயரில் இயங்கும் அந்தக் கல்லூரியின் பட்டப்படிப்புகள் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு, அனிமேஷன் என்று தொழில்நுட்பத்தின் பக்கம் நிற்கின்றன. நூறாண்டு கடந்த ஒரு திரைத்துறைக்கு அதன் சொந்த மண்ணில் அரசு நடத்தும் நடிப்புப் பட்டம் ஒன்று வேண்டும். இதை நான் மனதார விரும்புகிறேன், கேட்டுக்கொண்டும் இருப்பேன்.

இனி புனே. பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் 1960-இல் தொடங்கியது. அங்கே நடிப்புத் துறையை வளர்த்தெடுத்தவர் ரோஷன் தனேஜா. நியூயார்க்கில் சான்ஃபோர்ட் மைஸ்னரிடம் படித்துவிட்டு வந்தவர். எதிரில் நிற்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேள், அதற்குப் பதிலாக உனக்குள் எது எழுகிறதோ அதைச் செய் என்பது மைஸ்னர் வழியின் அடிப்படை. திரைக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். மேடையில் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என்று கையை வீசுகிறோம், குரலை எறிகிறோம். குளோஸ்-அப்பில் இமை ஒரு முறை அதிகமாக மூடித் திறந்தாலும் அரங்கம் பார்த்துவிடும். ஜெயா பாதுரி, ஷபனா ஆஸ்மி போன்றவர்கள் அந்த வகுப்புகளிலிருந்து வந்தார்கள்.

நசீருதீன் ஷாவின் கதைதான் இந்தக் கட்டுரையின் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. டெல்லி நாடகப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் இப்ராஹிம் அல்காஸியிடம் படித்து முடித்தவர், அதோடு நிற்காமல் புனேவில் மறுபடி மாணவராகச் சேர்ந்தார். ஓம் புரியும் அப்படித்தான். நசீர் புனேவில் இருந்தபோது நடிப்பு மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இயக்கம் படிக்கும் மாணவர்கள் தங்கள் டிப்ளமா படங்களுக்கு வெளியாட்களை அழைத்து வந்து நடிக்க வைக்கிறார்கள், எங்களுக்கு வாய்ப்பே தருவதில்லை என்பது அவர்கள் குறை. என் கதைக்கு யார் பொருந்துவாரோ அவரைத்தான் போடுவேன் என்பது இயக்க மாணவர்களின் பக்கம். இரண்டிலும் நியாயம் உண்டு. அப்போது நிறுவனத்தின் இயக்குநர் கிரீஷ் கர்னாட். அவரை எதிர்த்து நின்ற மாணவர்களில் நசீர் முன்வரிசை. ஆனால் ஷ்யாம் பெனகல் 'நிஷாந்த்' படத்துக்கு ஆள் தேடியபோது, அதே கர்னாட்தான் நசீரின் பெயரைச் சொன்னார். 1975-இல் படம் வந்தது. தன்னை எதிர்த்துக் கொடி பிடித்த மாணவனின் திறமையை மறைக்காத ஆசிரியர் ஒருவர் அங்கே இருந்தார் என்பதை நான் எந்தக் கட்டட வசதியையும்விடப் பெரிதாக நினைக்கிறேன்.

நடிப்புத் துறை எழுபதுகளில் மூடப்பட்டு, 2004-இல்தான் மீண்டும் திறந்தது. இப்போது இரண்டு ஆண்டுப் படிப்பு. ராஜ்குமார் ராவ், ஜெய்தீப் அஹ்லாவத், விஜய் வர்மா ஆகியோர் ஒரே காலகட்டத்தில் அங்கே படித்தவர்கள். புனேவின் பலம் பக்கத்து வகுப்பறைதான். நடிப்பு படிக்கும் பிள்ளைக்கு அடுத்த கதவில் ஒளிப்பதிவு மாணவர், எதிர்க் கதவில் இயக்கம், மாடியில் ஒலி. ஒரு காட்சியின் முடிவை முதல் நாளும் அதன் தொடக்கத்தை மூன்றாம் நாளும் எடுக்கும்போது உணர்ச்சியை எப்படிப் பிடித்து வைப்பது, தரையில் ஒட்டிய மார்க்கைக் குனிந்து பார்க்காமல் அதில் எப்படி வந்து நிற்பது, பார்வை (லுக்) எங்கே, தொடர்ச்சி (கன்டினியூட்டி) என்ன என்பதெல்லாம் கரும்பலகையில் வராது. நண்பனின் படத்தில் தவறு செய்துதான் வரும்.

டெல்லி வேறு உலகம். 1959-இல் தொடங்கிய நாடகப் பள்ளி. மூன்று ஆண்டு, முழுநேரம், தேர்வானவர்களுக்கு மாதம்தோறும் உதவித்தொகையும் உண்டு. பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது சாதாரண விஷயமல்ல. ஆனால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அங்கே மையம் மேடை, கேமரா அல்ல. அன்றாட மொழி பெரும்பாலும் இந்தி. தமிழிலேயே யோசித்து, தமிழிலேயே அழுகிற ஒரு பெண் மூன்று ஆண்டுகள் இன்னொரு மொழியில் வசனம் பேசிவிட்டுத் திரும்பினால், அவள் வாய் தமிழுக்குத் திரும்பக் கொஞ்ச காலம் ஆகும். போகக் கூடாது என்று சொல்லவில்லை. அல்காஸியின் மாணவரான பேராசிரியர் செ. இராமானுஜம் அங்கே கற்றதைத் தமிழ் நாடகத்துக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தார். எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போனால் சரி.

காலக் கணக்கையும் பெற்றோர் பார்க்க வேண்டும். இர்ஃபான் கான் நாடகப் பள்ளியை முடித்தது 1987. உலகம் அவரைத் திரும்பிப் பார்த்த 'தி வாரியர்' வந்தது 2001. நவாஸுதீன் சித்திக்கி முடித்தது 1996, பங்கஜ் திரிபாதி 2004. இருவரையும் பரவலாக அடையாளம் காட்டிய 'கேங்ஸ் ஆஃப் வாசேபூர்' 2012-இல் வந்தது. கல்விக்கடன் வாங்கிப் படிக்க வைப்பவர்கள், படிப்பு முடிந்த பிறகு எட்டு ஆண்டு, பத்து ஆண்டு எப்படி ஓடும் என்றும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கடன் குறைவான படிப்பே நல்ல படிப்பு என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். மாதத் தவணை கழுத்தை நெரித்தால் எந்த நடிகராலும் நல்ல வேடத்துக்காகக் காத்திருக்க முடியாது.

அந்த வேடம் யார் மூலம் வருகிறது? இர்ஃபானுக்கு 'ஹாசில்' பட வாய்ப்பைக் கொடுத்த இயக்குநர் திக்மான்ஷு தூலியா, நாடகப் பள்ளிக் காலத்து நண்பர். பிறகு 'பான் சிங் தோமர்' கொடுத்ததும் அவரே. இங்கே விஜய் சேதுபதியைப் பாருங்கள். கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்து, நடிகர்கள் பயிற்சி எடுப்பதைக் கூடவே இருந்து கவனித்தவர். குறும்படக் காலத்திலேயே அவரோடு வேலை செய்த கார்த்திக் சுப்புராஜ், தன் முதல் படமான 'பீட்சா'வை 2012-இல் அவரை வைத்துத்தான் எடுத்தார். மொழி வேறு, ஊர் வேறு, நடந்தது ஒன்று. கூட வளர்கிற இயக்குநர்கள்தான் நடிகரின் முதல் வாசல். எனவே ஒரு கல்லூரியைப் பார்க்கப் போனால் சுவரில் தொங்கும் நட்சத்திரங்களின் படங்களை எண்ணாதீர்கள். அங்கே இயக்கம் படிப்பவர்கள் யார், அவர்கள் ஆண்டுக்கு எத்தனை படம் எடுக்கிறார்கள், அவற்றில் நடிப்பு மாணவர்கள் நடிக்கிறார்களா என்று கேளுங்கள். ஒரு பயிற்சி நிலையத்துக்கு நானே போயிருக்கிறேன். விலை உயர்ந்த கேமரா கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்தது. மாணவர்கள் செல்போனில் ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டணம் லட்சங்களில்.

இனி நமக்கு அருகில் உள்ள இடங்கள். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை பட்டம் தரும் கல்லூரி அல்ல. ஆனால் பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் என்று தமிழ்த் திரைக்கு அது கொடுத்த முகங்களைப் பார்த்தால், நாற்பது ஆண்டுகள் இங்கே நடிப்புக் கல்லூரியின் வேலையைச் செய்தது அதுதான். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. அங்கே முதுநிலையில் நாடகம் படிக்கலாம். இந்திரா பார்த்தசாரதி பொறுப்பேற்று நடத்திய இடம். பிளஸ் டூவுக்குப் பிறகே நேராக நாடகம் படித்தாக வேண்டும் என்பவர்களுக்குத் திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி உண்டு, மலையாளம் பழக வேண்டும். கர்நாடகத்தில் ஹெக்கோடு என்ற கிராமத்தில் கே.வி. சுப்பண்ணா வளர்த்த நீநாசம் ஓராண்டுப் பயிற்சி தருகிறது, அது கன்னடத்தில்.

மொழி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன், காரணம் உண்டு. தமிழில் பெரும்பாலான படங்களுக்கு நடிகர்கள் பிறகு டப்பிங் பேசுகிறார்கள். இருட்டறையில் ஒலிவாங்கி முன்னால் நின்று, மூன்று மாதம் முன்பு அழுத அழுகையை மறுபடி குரலில் கொண்டுவர வேண்டும். முகம் நன்றாக இருந்து குரல் விழுந்து, வேறொருவர் குரலில் பேசவைக்கப்பட்ட நடிகைகள் எத்தனை பேர்! 1973-இல் பெங்களூரிலிருந்து வந்து சென்னை பிலிம் சேம்பர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த, பின்னாளில் ரஜினிகாந்த் ஆன சிவாஜிராவிடம், தமிழைக் கற்றுக்கொள் என்றுதான் இயக்குநர் பாலசந்தர் சொன்னார். கற்றுக்கொண்டார், 'அபூர்வ ராகங்கள்' வந்தது. அந்தப் பள்ளி இன்று இல்லை.

அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இதுவரைக்கும் எத்தனை நாடகத்துல நடிச்சிருக்கம்மா?" பள்ளி ஆண்டு விழாவில் ஒன்று என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாடகமே பழகாம நேரா கேமரா முன்னால போய் நிக்கக் கூடாது இல்லையா சார்?" என்று அவளே கேட்டாள்.

என் முடிவை அவர்கள் வீட்டுக்குச் சொன்னேன். மதுரையில் நாடகக் குழு உயிரோடு இயங்கும் ஒரு கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேரட்டும். மூன்று ஆண்டும் மேடை ஏறட்டும், விஸ்காம் பிள்ளைகளின் குறும்படம் எதையும் விடாமல் நடிக்கட்டும். கூடவே இந்தி கொஞ்சம் படிக்கட்டும். இருபது வயதில் புனேவுக்கு விண்ணப்பிக்கட்டும். கிடைக்காவிட்டால் புதுவை இருக்கிறது, சென்னையில் நாடகக் குழுக்கள் இருக்கின்றன. மேடையே என் வாழ்க்கை என்று அவளுக்கு அதற்குள் தோன்றிவிட்டால் டெல்லி. நான்கு நோட்டீஸ்களில் எதற்கும் பணம் கட்ட வேண்டாம்.

அவள் சேர்ந்துவிட்டாள். விடுதி அறையில் நான்கு பேராம், அதில் ஒரு பெண் கதை எழுதுகிறாளாம்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். புனேவிலும் டெல்லியிலும் நுழைவுத் தேர்வில் தேறி, நேரில் நடித்துக் காட்டித்தான் இடம் வாங்க முடியும். இரண்டு நிறுவனங்களும் சேர்க்கை அறிவிப்பைத் தங்கள் இணையதளத்திலேயே வெளியிடுகின்றன. சீட் வாங்கித் தருகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.