எர்த் எங்கே விட்டுப்போனது?

பிரேக்கை மிதித்தால் டாஷ்போர்டு விளக்குகள் மங்கலாக எரிகின்றன. இண்டிகேட்டர் போட்டால் டெயில் லாம்பும் சேர்ந்து துடிக்கிறது. பல்பை மாற்றியாயிற்று, ஃபியூஸையும் பார்த்தாயிற்று, கோளாறு போகவில்லை. இப்படிச் சம்பந்தமில்லாத விளக்குகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால், அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் முதலில் தேடுவது எர்த்தைத்தான்.

காரில் ஒவ்வொரு விளக்குக்கும் மோட்டாருக்கும் மின்சாரம் போக வயர் உண்டு. பேட்டரிக்குத் திரும்பி வரும் வழி, அதாவது எர்த், பெரும்பாலும் வண்டியின் இரும்பு பாடிதான். பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பாடியோடும் எஞ்சினோடும் இணைத்திருப்பது இதற்காகவே. எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கென்று தடித்த எர்த் பட்டை வேண்டும். அது அறுந்துபோன வண்டிகளில் செல்ஃப் மோட்டாரின் மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி, கேபிளையே கருக்கிவிடுவதுண்டு.

டாஷ்போர்டு மங்கலாக எரிவதற்கும் காரணம் இதுதான். பின்விளக்கில் பிரேக்குக்கு 21 வாட், டெயில் லாம்புக்கு 5 வாட் என ஒரே பல்பில் இரண்டு இழைகள். இரண்டுக்கும் பொதுவாக ஒரே எர்த். அந்த எர்த் விட்டுப்போனால், பிரேக் இழைக்கு வந்த மின்சாரம் 5 வாட் இழை வழியாகப் பின்னோக்கி ஏறி, டெயில் லாம்ப் வயரைப் பிடித்து, அதே வயரில் உள்ள மற்ற விளக்குகள் மூலம் பாடிக்கு இறங்குகிறது. குறை இருப்பது வண்டியின் பின்மூலையில். தெரிவது ஓட்டுநரின் கண்முன்னே.

இதைக் கண்டுபிடிக்கப் பலரும் மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்க்கிறார்கள். அது ஏமாற்றும். மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிகச் சொற்பம். தடித்த கேபிளில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் 'சரி' என்றே காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அதே வழியில் 150 ஆம்பியர் ஓட வேண்டும். அப்போது 0.01 ஓம் தடைகூட 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். அந்த இணைப்பு 225 வாட் வெப்பத்தில் கொதிக்கும்.

ஆகவே மின்சாரம் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் தூணில் இருக்கட்டும். கிளாம்பில் வைத்தால் கிளாம்புக்கும் தூணுக்கும் நடுவிலுள்ள குறை தெரியாது. இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்கில் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் இரண்டாவது முனையைக் கிளாம்பு, கேபிள் லக், போல்ட், பாடி என்று படிப்படியாக நகர்த்துங்கள். எண் எந்த இடத்தில் தாவுகிறதோ அங்கேதான் குறை. இந்தச் சில நிமிட வேலையைச் செய்யாமல் நல்ல செல்ஃப் மோட்டாரையும் பேட்டரியையும் மாற்றிப் பணத்தைக் கரைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

பெரும்பாலும் அங்கே கிடைப்பது துரு, பச்சை பூத்த லக், அல்லது டிங்கரிங் வேலைக்குப் பின் போல்ட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட பெயின்ட். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, ஸ்டார் வாஷர் வைத்து முடுக்கி, அதன்பிறகு மேலே கிரீஸ் பூச வேண்டும். பேட்டரியை மாட்டி மறுபடியும் செல்ஃப் அடித்து அளந்து பாருங்கள்.