வாளியைக் கீழே வைத்த தங்கவயல்

கோலார் தங்கவயலின் கூலி லைன்களில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், மாரியம்மனும் மாதாவும் புத்தரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்த தலித் குடும்பங்கள் இங்கே தாங்கள் விரும்பிய சாமியைத் தேர்ந்துகொண்டன. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தம் மாரிகுப்பத்தில் வேர்பிடித்தது. அவர் மறைந்த பின், 1926இல், அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை ஜி. அப்பாதுரையார் இந்த ஊரிலிருந்தே மறுபடி நடத்தினார். இந்தக் குடும்பங்கள் மதம் மாறியது மோட்சம் தேடி அல்ல, சாதி இழிவை உதறித் தள்ளத்தான்.

அதே ஊரில், மனிதர் கையால் மலம் அள்ள வேண்டிய எடுப்புக் கக்கூஸும் இருந்தது. பெஜவாடா வில்சன் 1966இல் அங்கே மலம் அள்ளும் வேலை செய்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். மலக்குழிக்குள் விழுந்த வாளியை எடுக்க ஒரு தொழிலாளி வெறுங்கையை உள்ளே விட்டதை இளைஞரான வில்சன் பார்த்தார், அழுதார். பிறகு கடிதம் எழுத ஆரம்பித்தார். உள்ளூர் அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை. பிரதமருக்குக் கடிதம் போனது, வழக்குத் தொடுப்பேன் என்ற எச்சரிக்கையும் போனது. கடைசியில் அந்தக் கக்கூஸ்கள் தண்ணீர்க் கழிப்பறைகளாயின. அள்ளியவர்களுக்கு வேறு வேலை கிடைத்தது.

ஐ.ஏ.எஸ். அதிகாரி எஸ்.ஆர். சங்கரன், பால் திவாகர் ஆகியோருடன் வில்சன் தொடங்கிய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற துப்புரவுத் தொழிலாளர் இயக்கம் நாடெங்கும் போனது. மலக்கூடைகளைக் கொளுத்தியது. கையால் மலம் அள்ளுவதற்கு 1993இலேயே தடைச் சட்டம் வந்திருந்தும் அரசுகள் அசையாததால் 2003இல் உச்ச நீதிமன்றம் ஏறியது. சாக்கடைக் குழியில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் தீர்ப்பு வந்தது. 2023இல் அது 30 லட்சமானது. இந்தப் போராட்டத்தில் யாரும் யாருடைய மதத்தையும் கேட்கவில்லை. பல மதத்தவர் ஒரே மேடையில் அமர்வதைவிட இதைத்தான் நான் மத நல்லிணக்கம் என்பேன்.

அரசுதான் மதத்தைக் கேட்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி தந்தது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்ந்தார்கள். தலித் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. ஒரே லைனில் பிறந்த பௌத்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் இடஒதுக்கீடு கிறிஸ்தவப் பிள்ளைக்கு இல்லை. இதை ஆராய 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைந்தது. இரண்டு ஆண்டுக் கெடு முடிந்தும் காலநீட்டிப்புத்தான் வந்தது. கோயிலும் விகாரையும் தேவாலயமும் பள்ளிவாசலும் சேர்ந்து, தலித் கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் அதே தகுதி வேண்டும் என்ற இந்த ஒரு கோரிக்கைக்குக் கையெழுத்துப் போடட்டும். தங்கவயலிலிருந்தே அதைத் தொடங்கலாம்.