அரபு வீட்டு வாசம், எங்கள் அகில்

டுபாயிலோ அபுதாபியிலோ வேலை செய்யும் உறவினர் வந்தால் பெட்டிக்குள் சொக்கிலேற்றும் சென்ற் போத்தலும் கட்டாயம் இருக்கும். சில போத்தல்களைத் திறந்தால் மல்லிகையும் இல்லை, பன்னீரும் இல்லை. விறகும் தேனும் புகையும் கலந்ததுபோல ஒரு கனத்த வாசம் வரும். மருந்துக்கடை மணக்கிறது என்று அலுமாரி மூலையில் ஒதுக்கிவிடுபவர்களும் உண்டு. அவசரப்படாதீர்கள். அதுதான் ஊட். வளைகுடாப் பெண்கள் பின்னேர விருந்துக்கும் கலியாண வீட்டுக்கும் விரும்பிப் பூசுவது.

இது எமக்குப் புதிய பொருளும் அல்ல. தமிழில் இதன் பெயர் அகில். சங்ககாலப் பெண்கள் கூந்தலுக்கு ஊட்டிய புகை இந்த மரத்தின் புகைதான். கீழ்க்கடல் வழியே கப்பலில் வந்த பொருட்களில் ஒன்றாகச் சிலப்பதிகாரம் அகிலைச் சொல்கிறது. பின்னர் வந்த போர்த்துக்கேயர் தென்னிந்தியாவில் கேட்ட இப்பெயரைத் தங்கள் வாய்க்கேற்ப மாற்றினார்கள். அது இலத்தீனில் கழுகைக் குறிக்கும் சொல்லோடு குழம்பிப்போக, ஆங்கிலத்தில் அகில் 'கழுகு மரம்' ஆயிற்று!

நல்ல நிலையில் உள்ள அகில் மரத்துக்கு வாசமே இல்லை. வெளிறிய, பாரமற்ற கட்டை. தண்டில் காயம் பட்டு அதில் பூஞ்சணம் புகுந்தால், மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கரிய பிசினைச் சுரக்கிறது. அந்தப் பிசின் ஊறிய பகுதிக்குத்தான் விலை. எந்த மரத்துக்குள் பிசின் இருக்கிறதென்று வெளியில் பார்த்துச் சொல்வது கடினம். ஆகவே தேடித் தேடி வெட்டினார்கள். காடுகளில் மரம் அருகிவர, அசாமிலும் மலேசியாவிலும் வளரும் முக்கிய அகில் இனம் 1995இல் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

டுபாயின் பெரிய வாசனைக் கடைகளில் ஒன்றான அஜ்மல், 1951இல் அசாமைச் சேர்ந்த ஒருவர் தொடங்கியது. டெய்ராவில் தங்கச் சந்தைக்குக் கிட்டவே வாசனைச் சந்தையும் இருக்கிறது. ஊட் எண்ணெயைத் தோலாக் கணக்கில் விற்பார்கள். ஒரு தோலா சுமார் 11.7 கிராம், கிட்டத்தட்ட ஒன்றரைப் பவுண் எடை. மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் செயற்கைச் சரக்கு. பூசுவதற்கு அதிலும் குறையில்லை, ஆனால் அசல் விலை கொடுத்து வாங்காதீர்கள்.

தனி ஊட் கடுமையாக இருந்தால் 'முகல்லத்' கேட்டுப் பாருங்கள். ரோசா, சந்தனம், குங்குமப்பூ, அம்பர் என்று சேர்த்த கலவை. இனிப்பும் சூடுமாக இருக்கும். மணிக்கட்டிலும் காதின் பின்புறத்திலும் ஒரு பொட்டு போதும். அரைமணி நேரம் பொறுத்துத்தான் அதன் உண்மை வாசம் தெரியும். அரபு வீடுகளில் தணலில் அகிற்சீவலைப் போட்டு உடுப்புக்கும் தலைமுடிக்கும் புகை பிடிப்பார்கள். அடைத்த சிறு அறையில் இதைச் செய்யவேண்டாம். குழந்தைகளுக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் ஆகாது.

ஊருக்குப் போய்வருபவர்கள் கவனிக்கவேண்டிய விடயம் ஒன்று உண்டு. இலங்கையின் ஈரவலயக் காடுகளில் வளரும் வல்லப்பட்டையிலும் இதே வகைப் பிசின் உண்டு. விலை தெரிந்தபின் அதைக் களவாக வெட்டி டுபாய்க்குக் கடத்தத் தொடங்கினார்கள். கட்டுநாயக்காவில் சுங்கத்தினர் பலமுறை பிடித்திருக்கிறார்கள். 2005 முதல் இவ்வினமும் சைட்டீஸ் பட்டியலில் இருக்கிறது. "அக்காவிடம் கொடுத்துவிடுங்கோ, நாட்டு மருந்துப்பட்டை" என்று யாராவது ஒரு பொதியை நீட்டினால் வாங்கவேண்டாம். பெட்டி யாருடையதோ, வழக்கும் அவருடையதுதான்.

வளைகுடாக் கடையில் வாங்கிய ஊட் வேறு கதை. சொந்தப் பாவனைக்கென ஆளுக்கு 1 கிலோ சீவலும் 24 மில்லிலீற்றர் எண்ணெயும் வரை சைட்டீஸ் சலுகை தருகிறது. சில நாடுகளில் விதி இதைவிடக் கடுமை. பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், புறப்படுமுன் நீங்கள் இறங்கும் நாட்டுச் சுங்கப் பகுதியிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.